அடுப்படியில் ஒரு நாற்காலி

அன்புள்ள அக்கா,
கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் டெரஸ் வீட்டை, அதாவது வரிசை வீட்டை, புதுப்பிக்கிறோம். லோன் என் பெயரில். சமையலறைச் சுவரை இடித்துவிட்டு நடுவில் ஐலண்ட் மேடை வைத்துத் தருகிறேன் என்கிறார் கணவர். கதவு வைத்த சமையலறைதான் பெண்ணுக்கு வசதி என்கிறார் மாமியார். சுவர் போனால் பெண்ணின் நிலை உயர்ந்ததாகச் சொல்லலாமா? கேபினட்டுக்கு எந்த மரம் நல்லது?
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

லோன் உன் பெயரில், தவணை உன் சம்பளத்தில், ஆனால் அவர் 'வைத்துத் தருகிறார்'. இப்படி எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? இனிமேல் எழுதாதே.

எந்த மரம் என்பதைக் கேபினட் போடுகிறவரிடம் கேட்டுக்கொள். சுவரும் பெரிய விஷயமில்லை. தாளிப்பு வாசனை சோபாவில் ஏறாமலிருக்கப் பின்பக்கம் ஒரு வெட் கிச்சன், அதாவது தாளிக்க, பொரிக்கத் தனியாக ஒரு சின்ன சமையலறை, போதும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஐலண்ட்தான். கொஞ்ச காலமாக யார் வீட்டுக்குப் போனாலும் அதைத்தான் பார்க்கிறேன். உயரமான ஸ்டூல்கள் வரிசையாக இருக்கும், எல்லாம் மறுபக்கம். விருந்தாளி உட்காருவார், பிள்ளை பாடம் எழுதும், கணவர் காப்பி குடிப்பார். அடுப்புப் பக்கம் இருப்பவளுக்கு ஒன்றுகூடக் கிடையாது. கீழே முழுக்க டிராயர். அவளாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாலும் முழங்கால் உள்ளே போகாது.

இன்றைய கேபினட் சமையலறைக்கெல்லாம் முன்னோடி, மார்கரெட்டே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக்காரப் பெண் 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது. சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம்; வீட்டுக்காரிக்கு நடை மிச்சமாக வேண்டும் என்று ஒவ்வொரு அடியையும் கணக்குப் பார்த்த இடம். சர்க்கரைக்கும் அரிசிக்கும் பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள். இரண்டாவது ஆள் நின்றால் இடிக்கும், அது பெரிய குறைதான். ஆனால் ஜன்னலடியில் ஒரு வேலை மேசை, அதன் முன்னால் ஒரு சுழல் ஸ்டூல். பெண் உட்கார்ந்து காய் நறுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அலமாரிகளை உலகமே எடுத்துக்கொண்டது. ஸ்டூலை விட்டுவிட்டது.

என் அம்மா பினாங்கின் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் மத்தியானம் திரும்பினால், தரையில் பலகை போட்டு அரிவாள்மணையோடு உட்காருவார். பக்கத்து வீட்டுப் பெண்களும் காயைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது ஒன்றும் சொர்க்கமில்லை, புகை கண்ணைக் கரிக்கும். வீட்டிலிருந்த ஒரே சாய்வு நாற்காலி அப்பாவுடையது. ஆனாலும் அம்மாவுக்கு உட்கார ஓர் இடம் இருந்தது, பேச ஆள் இருந்தது.

பிறகு பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீடு. சிமெண்டு மேடை வந்தது. இனிமேல் குனிய வேண்டாம் என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். ஃபேக்டரியில் ஷிப்டு முழுக்க நின்றுவிட்டு வந்து மேடை முன்னால் மறுபடி நிற்பார். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்தது. கடைசியில் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். மேடை அவர் தோளுயரத்துக்கு இருந்தது.

1990-களில் சாப்பாட்டு மேசை வாங்கினோம். ரப்பர் மரம். பால் குறைந்ததும், 25 அல்லது 30 வருஷத்தில், வெட்டிச் சாய்க்கும் மரத்தை முன்பெல்லாம் விறகாகத்தான் எரித்தார்கள். மருந்தேற்றி உலர்த்தினால் நல்ல பலகை கிடைக்கும் என்று தெரிந்தபின் அது ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது. ஜொகூர் மூவாரின் நாற்காலித் தொழிற்சாலைகளுக்கு அதுதான் மூலப்பொருள். அம்மா நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்து, "எவ நிரையில நின்ன மரமோ" என்றார். நிரை என்றால் பால் வெட்ட ஒருத்திக்கு ஒதுக்கிய மர வரிசை. எல்லோரையும் அதில் உட்காரவைத்துப் பரிமாறிவிட்டு, உள்ளே தகரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த நாற்காலிகளில் ஒன்றுகூட அடுப்படிக்குள் போனதில்லை.

அதனால் தங்கையே, அடுப்புப் பக்கம் நாலடி நீளத்துக்கு டிராயர் வேண்டாம் என்று சொல். கீழே முழங்கால் நுழைய வெற்றிடம் விடட்டும். அந்த இடத்தில் மேடை 28 அங்குல உயரம் போதும், சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து நறுக்கலாம். நாலடி எதற்கென்றால், உன் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டும். சட்டி பானை வைக்க இடம் போதாது என்பார்கள், வெட் கிச்சனில் அலமாரி அடித்துக்கொள்ளலாம். பிளான் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா