ரிமாண்ட் நாட்கள் தண்டனையில் கழியுமா?

கேள்வி: என் தம்பிக்குப் பழைய அடிதடி வழக்கொன்றில் ஒரு வருடச் சிறை, ஐந்து வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு வருடம்கூட ஆகவில்லை, பக்கத்து லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பையனைக் கம்பால் அடித்துவிட்டு நான்கு மாதமாக ரிமாண்டில் இருக்கிறான். "குற்றத்தை ஒப்புக்கொள்ளட்டும், ரிமாண்ட் நாள் கழிந்து வந்துவிடுவான்" என்கிறார்கள். வழக்கில் பேசுவதெல்லாம் சிங்களம், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, ஹட்டன்

பதில்: சகோதரி, அப்படிச் சொல்பவர்கள் பழைய தண்டனையை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள விடாதீர்கள்.

இலங்கையின் 1979ஆம் ஆண்டு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு: ஒத்திவைத்த காலத்துக்குள், சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய இன்னொரு குற்றம் செய்தால் பழைய தண்டனை எழும்பிவிடும், அதாவது அதையும் அனுபவிக்க வேண்டிவரும். தண்டனைச் சட்டக்கோவையில் சாதாரண காயத்துக்கே (314ஆம் பிரிவு) ஒரு வருடம் வரை சிறை உண்டு. கம்பை ஆபத்தான ஆயுதமாக எடுத்துக்கொண்டால் (315) மூன்று வருடம் வரை போகும். ஆக, புது வழக்கு வெறும் அபராதத்தோடு முடிந்தாலும் அந்தப் பழைய ஒரு வருடம் தலைமேல் வந்து நிற்கும்.

ரிமாண்ட் நாட்கள் தாமாகக் கழியும் என்று நம்பி இருக்காதீர்கள். தண்டனை சொல்லும் முன்பே சட்டத்தரணி எழுந்து கேட்க வேண்டும். கைதான தேதியை எழுதி அவர் கையில் கொடுங்கள். அந்த நாட்களும் புது வழக்குக்கானவை, பழைய வருடத்தில் கழியுமென்று கணக்குப் போட வேண்டாம்.

விளங்காத மொழியில் ஒருவனுடைய தலைவிதி பேசப்படுவது பெரிய அநியாயம். நீதிமன்றத்தில் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்க அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. குற்றப்பத்திரம் வாசிக்கும்போது தம்பி சும்மா தலையாட்டாமல், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வாய்திறந்து கேட்கட்டும்.

அடிபட்ட பையனையும் நினையுங்கள். வேலைக்குப் போகாத நாளுக்கெல்லாம் அவனுக்குப் பேர் (நாட்சம்பளம்) விழுந்திருக்காது, மருந்துச் செலவும் இருந்திருக்கும். 314இல் மட்டும் வழக்கென்றால், அவன் மனதார சம்மதித்தால் நீதிமன்றத்தில் சமரசமாக முடிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்படி முடிந்தால் குற்றவாளி என்ற தீர்ப்பு இல்லை, பழைய தண்டனையும் எழும்பாது. ஆனால் தோட்டத் தலைவரை அனுப்பிப் பேசாதீர்கள். அது மிரட்டலாகிவிட்டால் பிணையும் கிடைக்காது. சட்டத்தரணி மூலமே பேசுங்கள்.

காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். பழைய வழக்கின் இலக்கம், தீர்ப்புத் தேதி இரண்டையும் கொண்டுபோய் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்தாலும் பொலிஸார் பழைய குற்றப் பதிவை நீதவானிடம் கொடுப்பார்கள். அப்போதுதான் உங்கள் லோயருக்கே தெரியவந்தால், தம்பிக்காகப் பேச அவரிடம் எதுவும் தயாராக இருக்காது.