பதில்: பக்கவாதம் வந்து 8 மாதம், அப்பாவின் வலது கை இனி அவ்வளவுதானா?

இல்லை. "6 மாதத்துக்கு மேல் பயிற்சி வீண்" என்று யாரோ சொன்னதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். முதல் 3 மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும், அவ்வளவுதான்.

விரல் அசைந்தும் சட்டைப் பட்டனை இடது கையால்தான் போடுகிறார் என்கிறீர்களே, பாதிச் சிக்கல் அங்கேதான். ஆரம்பத்தில் வலது கை வராததால் இடதுக்குப் பழகிவிட்டார். பயன்படாத கைக்கு மூளை வைத்திருக்கும் இடமும் சுருங்கும். 1996-இல் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோவின் குழு, மூளையில் பக்கவாதம் போன்ற பாதிப்பு ஏற்படுத்திய குரங்குகளில் இதைக் காட்டியது: பயிற்சி பெற்றவற்றில் அந்த இடம் சுருங்கவில்லை. சிலவற்றில் பக்கத்துப் பகுதிக்குள்ளும் பரவியது.

ஒரு சோதனை: மேசை விளிம்பில் கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டையும் விரல்களையும் தூக்கச் சொல்லுங்கள். 10 டிகிரியாவது எழுந்தால், இடது கைக்கு உறை மாட்டி வலது கையிடம் வேலை வாங்கும் பயிற்சி பற்றி பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். டம்ளர் எடுப்பது, பருப்பு பொறுக்குவது என்று தினமும் மணிக்கணக்கில் செய்யவேண்டும். எரிச்சல் வரும், திட்டுவார். சரி, திட்டட்டும்.

நடக்கும்போது மட்டும் உறை வேண்டாம். தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் இருக்கிறது. தோள் வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.