மொத்தமாக வரும் ஃபெலோஷிப் பணம் யாருக்கு?

கேள்வி: எம்.எஸ்சி. தடயவியல் முடித்து, யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) பெற்று, மதுரையில் 14 மாதமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சடலத்தில் வளரும் ஈப்புழுக்களை வைத்து இறந்த நேரத்தைக் கணிப்பது என் ஆய்வு. மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, ஆனால் மாதாமாதம் வருவதில்லை. இதுவரை 1,85,000, 1,48,000 என இரண்டு முறை மொத்தமாக வந்தது. அதில் 2,10,000 ரூபாயைத் தாய்மாமாவின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்தேன். 25,000 திரும்பி வந்தது. என் எம்.எஸ்சி. ஃபீஸ் 80,000 ரூபாயைக் கட்டியவர் அவர், மறுக்க முடியவில்லை. செலவுக்கு அம்மாவின் 9 பவுனை மூன்று ரசீதில் (90,000, 80,000, 70,000) ஒன்றரை வட்டிக்கு வைத்திருக்கிறேன். இப்போது ஆய்வுக்காக 10.5% வட்டியில் 6 லட்சம் கல்விக் கடன் வாங்கலாமா? பட்ஜெட்டை இணைத்துள்ளேன்.
– வாசகி, திருமங்கலம்

பதில்: வாங்க வேண்டாம். உங்களுக்கு வருமானம் குறைவில்லை. அறை வாடகை 6,500, சாப்பாடு 5,500, போக்குவரத்து 2,500, வீட்டுக்கு 5,000 என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டினால் 19,500. வருமானத்தில் ஏறக்குறைய பாதி மிஞ்ச வேண்டும். மிஞ்சாததற்குக் காரணம், ஐந்து மாதப் பணம் ஒரே நாளில் வந்ததும் அது உபரிப் பணமாகத் தெரிவதுதான். அது நீங்கள் ஏற்கெனவே கடன் வாங்கிச் சாப்பிட்ட ஐந்து மாதத்தின் பணம். அதை மாமாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த மாதச் செலவுக்கு நகையை வைக்கிறீர்கள். 2,40,000 ரூபாய்க்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 3,600, வருடம் 43,200. உங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆய்வின் இதர செலவுக்காகத் தனியாகக் கிடைக்கும் கண்டிஞ்சென்சி தொகையே வருடத்துக்கு 12,000தான்.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். இன்குபேட்டர் 1,60,000, டிஎன்ஏ சீக்வென்சிங் 1,68,000, ஏஐ தடயவியல் சான்றிதழ் படிப்பு 1,20,000, இதர செலவு 1,52,000. அந்த நான்காவது வரி மாமாவுக்குத்தான் என்று நினைக்கிறேன். கல்விக் கடனை உறவினர் தொழிலுக்குத் திருப்புவது கடன் நிபந்தனைக்கே விரோதம்.

இன்குபேட்டரைச் சொந்தப் பணத்தில் வாங்கவே கூடாது. விலங்கியல், நுண்ணுயிரியல் துறைகளில் வெப்பநிலையை மாறாமல் வைக்கும் பிஓடி இன்குபேட்டர் இருக்கும்; வழிகாட்டியின் கடிதத்தோடு ஒரு தட்டு இடம் கேளுங்கள். ஆய்வுக் கருவிகளைப் பகிர்வதற்கான அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்திலும் கட்டணத்துக்குக் கிடைக்கும் கருவிகளைத் தேடலாம். உங்கள் ஆய்வில் பணத்தைத் தின்பது மின்தடை. புழுவின் வளர்ச்சியை வெப்பநிலையையும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறீர்கள். இரவில் இரண்டு மணி நேரம் கரண்ட் போய், அது பதிவாகாவிட்டால் அந்தப் புழுத் தொகுதி முழுவதும் வீண். உள்ளே வெப்பநிலையைத் தானே பதிவு செய்யும் டேட்டா லாகர் ஒன்று வையுங்கள், யுபிஎஸ் இணைப்புள்ள அறையாகக் கேளுங்கள்.

புழு எந்த ஈ இனம் என்று டிஎன்ஏ மூலம் அறியும் சீக்வென்சிங்குக்கு 240 மாதிரி, தலைக்கு 700 ரூபாய் என்று போட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் அனுப்பத் தேவையில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சம் புழுக்களை ஈயாகும் வரை வளர்த்தால், கிரைசோமையா மெகாசெபாலா, ரூஃபிஃபேசீஸ் போன்ற ஈ இனங்களை நுண்ணோக்கியிலேயே பிரிக்கலாம். சந்தேகமானவற்றையும், இனத்துக்குச் சில மாதிரிகளையும் மட்டும் அனுப்புங்கள். 60 என்றால் 42,000 ரூபாய். கண்டிஞ்சென்சி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 24,000, மூன்றாம் ஆண்டிலிருந்து வருடம் 25,000. மூன்று ஆண்டில் 49,000. அதற்குள் அடங்கிவிடும். பில் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். மேசை நாற்காலிக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் அந்தத் தொகை செல்லாது.

சான்றிதழ் படிப்பின் விளம்பரம் புதிய சட்டத்தைக் காட்டுகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பிரிவு 176(3)இல், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் எட்டு வார ஆன்லைன் சான்றிதழ், ஈப்புழு ஆய்வாளருக்கு எதைக் கூட்டித் தரும்? 1,20,000 ரூபாயை அதில் போடாதீர்கள். 6 லட்சத்தையும் வாங்கினால், தவணை தொடங்கும் முன் நான்கு ஆண்டுக்குத் தனி வட்டியே சுமார் 2,52,000.

இனிச் செய்ய வேண்டியது. உங்களுக்கு ஐந்து மாதப் பணம், 1,85,000, பாக்கி இருக்கிறது. வந்த அன்றே 90,000, 80,000 ரசீதுகளை மீட்டுவிடுங்கள். அந்த நகையை வங்கியில் ஓவர்டிராஃப்ட் வசதியுள்ள நகைக் கடனாக வையுங்கள். எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. அதிலிருந்து 70,000 எடுத்து மூன்றாவது ரசீதையும் முடியுங்கள். வங்கி வட்டி 9.5% என்று வைத்தால் இதற்கு மாதம் 550 ரூபாய் சொச்சம். மறுபடி ஐந்து மாதம் பணம் தாமதமானால் மாதம் 19,500 எடுங்கள். அதற்கு ஐந்து மாதத்துக்கும் சேர்த்தே வட்டி சுமார் 2,300தான். பரிசீலனைக் கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள், கூடவே தள்ளிவிடும் இன்ஷூரன்ஸை மறுத்துவிடுங்கள்.

மாமா கொடுத்தது 80,000. நீங்கள் நிகரமாகக் கொடுத்தது 1,85,000. நன்றிக்கடன் தீர்ந்து, அவர்தான் 1,05,000 தர வேண்டியவர். அடகில் இருப்பது அவருடைய உடன்பிறந்தவளின் நகை என்பதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது. அம்மாவை உட்கார வைத்துக்கொண்டே சொல்லுங்கள். மாதம் 5,000 வீதம் அந்த வங்கிக் கணக்கிலேயே நேராகக் கட்டச் சொல்லுங்கள். 21 மாதத்தில் முடியும்.

தாமதத்தின் ஒரு பகுதி உள்ளூரிலேயே உண்டாவது. உங்கள் வருகையை நிறுவனத்தில் ஒருவர் இணையத்தில் பதிவிட்டு, இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் அந்த மாதம் பணம் நகரும். மாத முதல் வாரத்தில் இருவரையும் நேரில் பாருங்கள். வீட்டு வாடகைப் படி பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. கல்லூரி விடுதி தரவில்லை என்றால் அதற்கான படிவத்தைக் கொடுத்து வாங்குங்கள், அது 37,000க்கு மேல் வருவது. இரண்டாண்டு முடிந்ததும் எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் மாதம் 42,000. அதற்கான மதிப்பீட்டுக் குழுவுக்கு வெளி நிபுணர் ஒருவர் வர வேண்டும். இன்னும் பத்து மாதம் இருந்தாலும் வழிகாட்டியிடம் இப்போதே தேதி பேசுங்கள். அது தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் 5,000 ரூபாய் பாக்கியாக நிற்கும்.