மாடு கத்தியதும் ஊசியா? கேள்வி-பதில்

கால்நடை இனப்பெருக்க உடலியல்தான் என் ஆராய்ச்சித் துறை. டெல்டாவிலிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் 'சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் நிற்கவில்லை' என்பதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (பாபநாசம்): ஜெர்சி கலப்பின மாட்டுக்கு மூன்று முறை ஊசி போட்டாயிற்று. சினை பிடிக்கவில்லை. ஊசி சரியில்லையா?

மாடு எப்போது கத்த ஆரம்பித்தது, ஊசி எப்போது போட்டீர்கள்? இதைக் கேட்டால் பெரும்பாலும் "காலையில கத்துச்சு, உடனே போட்டாச்சு" என்றுதான் பதில் வரும். அந்த 'உடனே'தான் கெடுக்கிறது.

மாடு கத்துவது பருவத்துக்கு, அதாவது காளை தேடும் நிலைக்கு, வந்ததன் அடையாளம். பசுவின் பருவம் 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும். சினைமுட்டை அந்த நேரத்தில் வெளிவருவதில்லை. பருவம் அடங்கி 10 முதல் 14 மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. வந்த பிறகு அதற்கு ஆயுள் ஏறக்குறைய அரை நாள்தான். விந்தணுவும் உள்ளே போனதுமே கருவைத் தந்துவிடாது. முட்டையைத் துளைக்கும் பக்குவம் வரச் சில மணி நேரம் அங்கே கிடந்தாக வேண்டும். அதனால் காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் என்ற ஆய்வாளர் கண்ட கணக்கு இது. இன்றைக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

சரி, பருவம் தொடங்கியது உங்களுக்கு எப்படித் தெரியும்? நள்ளிரவில் தொடங்கியதைப் பால் கறக்கும்போதுதானே பார்க்கிறோம்! இரவு படுக்கப் போகும் முன் ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை கொட்டகையை எட்டிப் பாருங்கள். பிறப்புறுப்பில் கண்ணாடி போல வழும்பு தொங்கினால் நல்லது. கலங்கலாகவோ சீழ் கலந்தோ இருந்தால் ஊசியே வேண்டாம், முதலில் கருப்பைக்கு வைத்தியம்.

இன்னொன்று. உறைவிந்துக் குச்சி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடப்பது. 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து இளக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டு எடுத்து வருகிறவரிடம் வெந்நீர் எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இத்தனையும் சரியாக இருந்து மூன்று தடவை தவறினால், நான்காவது ஊசிக்கு முன் பரிசோதனை.

கேள்வி (நீடாமங்கலம்): ஊசி போட்ட இரண்டாம் நாள் ரத்தம் கசிந்தது. கலைந்துவிட்டதா?

இல்லை. பருவம் முடிந்து ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது கருப்பைச் சுவரிலிருந்து கசிவது அது. கிடேரிகளில் அதிகம் பார்க்கலாம். சினை நின்றதற்கும் நிற்காததற்கும் அது அடையாளமல்ல. பருவத்தையே கவனிக்காமல் விட்டவர்கள், கசிவு கண்ட நாளிலிருந்து 18, 19 நாள் எண்ணிக் காத்திருக்கலாம்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): கன்று போட்டு ஐந்து மாதமாகிறது. பருவத்துக்கே வரவில்லை. வைக்கோல் வயிறு நிறையப் போடுகிறோம்.

வயிறு நிறைகிறது, அவ்வளவுதான். நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். பாஸ்பரஸ் மிகக் குறைவு. போதாததற்கு அதிலுள்ள ஆக்சலேட், கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கன்று போட்டபின் சத்தெல்லாம் பாலுக்குப் போய்விடும். உடலில் இருப்பு குறைந்தால் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் துடிப்புகள் குறையும். சினைப்பைக்குள் முட்டை இருக்கும் சிறு பை வளரும், ஆனால் வெடித்து முட்டையை விடாது. வாசலில் வைக்கோல்போர் மலை மாதிரி நிற்க, உள்ளே மாடு விலா தெரிய நிற்பதை நம் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் உண்டு. புண்ணாக்கு, வரப்பு அகத்தி, நாள்தோறும் 50 கிராம் தாது உப்புக் கலவை இவையும் சேரட்டும். அப்புறமும் வராவிட்டால் சினைப்பையைப் பரிசோதித்துத்தான் ஹார்மோன் வைத்தியம். எடுத்த எடுப்பில் ஹார்மோன் ஊசி கேட்காதீர்கள்.

கேள்வி (கும்பகோணம்): எருமை கத்துவதே இல்லையே?

பல எருமைகளுக்கு ஊமைப் பருவம்தான். வழும்பும் தொங்காது, படுக்கும்போது கொஞ்சம் வழியும். அடிக்கடி சிறுநீர் விடுவது, பால் திடீரெனக் குறைவது, இவற்றைக் கவனியுங்கள், அதுவும் இரவில். கறுத்த தோல், வியர்வைச் சுரப்பியோ குறைவு. கோடையில் அறிகுறி இன்னும் மங்கும். குட்டையில் இறங்க விடுங்கள்.

கேள்வி (மன்னார்குடி): பசு இரட்டை போட்டது, ஒன்று காளை, ஒன்று கிடேரி. கிடேரியை வளர்க்கலாமா?

பாலுக்காக என்றால் வேண்டாம். வயிற்றுக்குள்ளேயே இரண்டின் ரத்தக் குழாய்களும் இணைந்துவிடுகின்றன. காளைக் கன்றின் ஹார்மோன்கள் கிடேரியின் உறுப்புகளை வளரவிடாமல் செய்துவிடும். இப்படிப் பிறக்கும் கிடேரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மலடு. 1916-லேயே ஃபிராங்க் லில்லி இதை விளக்கிவிட்டார். காளைக் கன்றுக்குப் பெரிய பாதிப்பில்லை. இரண்டும் கிடேரி என்றாலும் கவலையில்லை.

கேள்வி (பட்டுக்கோட்டை): நஞ்சுக்கொடி விழாவிட்டால் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடலாமா?

கூடாது. கருப்பை கிழியலாம், வெளியே தள்ளலாம். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவர்.

கேள்வி (வேதாரண்யம்): ஆனியில் பிறந்த உம்பளச்சேரிக் கன்று என்று வாங்கினேன். செம்பட்டையாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

உம்பளச்சேரி நம் டெல்டாவின் நாட்டு மாட்டினம். அதன் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும். ஆறு, எட்டு மாதத்தில் சாம்பல் நிறம் வரும். நெற்றியில், குளம்புக்கு மேல், வால் நுனியில் வெள்ளை இருக்கிறதா பாருங்கள். ஆனியில் பிறந்தது என்கிறீர்கள். பொங்கல் வரை பொறுங்கள்.