ஏப்பம் விட்டால் கூமுட்டை நாற்றம் வருகிறது, என்ன செய்வது?

மூன்று நாளாக ஏப்பம் விட்டாலே கூமுட்டை வாடை அடிக்கிறது, வயிறும் உப்பிக் கிடக்கிறது, சோடா குடித்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சோடா வேண்டாம், அது இன்னும் கொஞ்சம் வாயுவைத்தான் உள்ளே தள்ளும். சாதாரண ஏப்பம் என்பது சாப்பிடும்போதும் பேசும்போதும் நாம் விழுங்குகிற காற்று, அதற்கென்று வாடை கிடையாது. கூமுட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவால் வருவது. முட்டை, கறி, பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ் இதிலெல்லாம் கந்தகம் இருக்கிறது, அதை பாக்டீரியாக்கள் உடைக்கும்போது இந்த வாயு உண்டாகும். ராத்திரி நேரம் கழித்து பிரியாணியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்தால் மறுநாள் இப்படி வருவது சகஜம்தான். ஒரு நாள் கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என்று லேசாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் கூட வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். வயிற்றுப்போக்கும் சேர்ந்து, மலம் எண்ணெய்ப் பசையோடு கடும் நாற்றமாகப் போனால் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அசுத்தத் தண்ணீரில் வருவது, குளோரினுக்கு அவ்வளவு சுலபத்தில் சாகாது, ஆனால் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தால் செத்துவிடும். மலப் பரிசோதனையில் கண்டுபிடித்து மாத்திரை கொடுப்பார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சர்க்கரை நோயாளிகளுக்கு. என் அம்மாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. காலையில் சாப்பிட்டது சாயங்காலம் வரை நெஞ்சுக்குக் கீழேயே நிற்கிறது என்பார், நான்கு வாய் சாப்பிட்டதும் போதும் என்பார், ஏப்பத்தில் இந்த நாற்றம். வீட்டில் எல்லோரும் ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம் என்று கொடுத்துக்கொண்டே இருந்தோம். பிறகுதான் ஒரு டாக்டர், பல வருஷச் சர்க்கரையில் இரைப்பையை அசைக்கும் வேகஸ் நரம்பு பழுதாகி, உணவு கீழே இறங்காமல் தேங்குகிறது, கேஸ்ட்ரோபரேசிஸ் என்று விளக்கினார். அங்கேயே கிடந்தால் நொதிக்கத்தானே செய்யும். இதில் இன்னொரு ஆபத்து இன்சுலின்: ஊசி போட்டாயிற்று, சாப்பாடு இறங்கவில்லை என்றால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும், அப்புறம் உணவு இறங்கும் நேரத்தில் எகிறும். காரணம் தெரியாமல் சர்க்கரை இப்படி ஏறி இறங்குகிற எல்லோரும் இதை ஒரு தடவை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

அம்மாவுக்கு மாற்றியது சாப்பாட்டு முறையைத்தான். மூன்று வேளையை ஐந்தாறு சின்ன வேளையாகப் பிரித்தோம், எண்ணெயைக் குறைத்தோம், கீரைத்தண்டு, முருங்கைக்காய் மாதிரி நார் அதிகமுள்ளதைத் தவிர்த்தோம் (மற்றவர்களுக்கு நல்லது என்று சொல்கிற நார்ச்சத்து இவர்களுக்கு இரைப்பையில் சிக்கிக்கொள்ளும்), சாதத்தைக் குழைய வடித்தோம், சாப்பிட்டதும் கொஞ்ச தூரம் நடக்க வைத்தோம். இன்சுலின் நேரத்தை டாக்டர்தான் மாற்றிக் கொடுத்தார், அதை நீங்களாகச் செய்யாதீர்கள். எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் இப்போது போடுகிற செமாக்ளூடைடு ஊசியும் இரைப்பையை மந்தப்படுத்தும், அதைப் போட ஆரம்பித்த பிறகு இந்த ஏப்பம் வந்தால் மருந்து எழுதியவரிடம் சொல்லுங்கள்.

எடை தானாகக் குறைவது, விழுங்கும்போது அடைப்பது, நேற்றுச் சாப்பிட்டது இன்று வாந்தியில் வருவது, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம் போவது, இதில் ஒன்று இருந்தாலும் கஷாயத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் வெறுமனே கேஸ் என்று சொன்னால் கேஸ் மாத்திரைதான் கிடைக்கும். எத்தனை நாளாக, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, என்னென்ன மாத்திரை என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.