டிப்பரரியில் மருந்து வாடை தூக்கலாக இருந்தால்

நீங்கள் கலந்த டிப்பரரி காக்டெயிலில் இருமல் மருந்து வாடை அடிக்கிறது என்கிறீர்கள். பச்சை சார்த்ரூஸ் என்ற மூலிகை மதுவைக் குறையுங்கள். 45 மி.லி. ஐரிஷ் விஸ்கி, 30 மி.லி. இனிப்பு வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்), 15 மி.லி. சார்த்ரூஸ். அந்த வாடை பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

மூன்றையும் சம அளவில் ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய செய்முறை அதுதான், தப்பில்லை. ஆனால் பச்சை சார்த்ரூஸில் ஆல்கஹால் 55%, மூலிகைகளோ நூற்றுக்கு மேல். சாதுவான ஐரிஷ் விஸ்கி அதன் முன்னால் காணாமல் போய்விடும்.

அப்புறமும் சரியாகவில்லையா? வெர்மூத்தை மட்டும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அதுவும் ஒயின்தான், திறந்த பாட்டிலை வெளியே வைத்தால் சில வாரங்களில் புளித்த, சப்பென்ற ருசி வந்துவிடும். அப்படி இருந்தால் புது பாட்டில்தான் வழி. அதையாவது ஃபிரிட்ஜில் வையுங்கள்!

குலுக்காதீர்கள். பெரிய ஐஸ் கட்டிகள் போட்டு, கிளாஸின் வெளிப்பக்கம் வியர்க்கும் வரை, சுமார் அரை நிமிடம், நீளக் கரண்டியால் கலக்கி வடிகட்டுங்கள்.

வாடைக்குப் பயந்து மஞ்சள் சார்த்ரூஸுக்கு மாறலாம் என்று தோன்றும். காரம் குறையும், ஆனால் இனிப்பு கூடும். வெர்மூத்தும் இனிப்பு என்பதால் எனக்கு அது திகட்டுகிறது.