எக்செல் ஷீட் போதுமா, கணக்கு மென்பொருளுக்கு மாறலாமா?

கேள்வி: மூன்று வருடமாகச் சிறிய தையல் யூனிட் நடத்துகிறேன். மாதம் 60, 70 பில் போடுகிறோம், பாதிக்கு மேல் கடன்தான். கணக்கு முழுக்க எக்செல் ஷீட்டில் இருக்கிறது. நான் பாதி எழுதுவேன், தம்பி பாதி எழுதுவான். ஆடிட்டர் ஆன்லைன் கணக்கு மென்பொருளுக்கு மாறச் சொல்கிறார். மாதாமாதம் சந்தா கட்டும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

பதில்: மாறிவிடுங்கள். 60, 70 பில்லை எக்செல் தாராளமாகத் தாங்கும், அதனால் எண்ணிக்கையை வைத்து இதைச் சொல்லவில்லை. கடனுக்கு விற்கிறீர்கள், இரண்டு பேர் எழுதுகிறீர்கள். இந்த இரண்டும்தான் காரணம். கைமேல் காசு வாங்கி, ஒரே ஆள் கணக்கு எழுதும் தொழிலாக இருந்தால் ஷீட்டே போதும் என்றிருப்பேன்.

ஒரு பில் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை ஷீட்டில் எழுதுகிறீர்கள், அதையே பாக்கி ஷீட்டிலும் எழுத வேண்டும். வாடிக்கையாளர் 7,000 மட்டும் அனுப்பினால், பேங்க் ஷீட்டில் ஒரு வரவு, பாக்கி ஷீட்டில் ஒரு கழிப்பு. ஒரே பில்லுக்கு நான்கு என்ட்ரி. வேலை நெருக்கும் நாளில் ஒன்று விட்டுப்போகும், எது விட்டது என்று ஷீட் சொல்லாது. ஒவ்வொரு பற்றுக்கும் சமமான ஒரு வரவு என்ற இரட்டைப் பதிவு முறையை இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாச்சோலி 1494-லேயே வெனிஸில் அச்சான தன் நூலில் விளக்கிவிட்டார். மென்பொருள் அதைத்தான் பின்னணியில் செய்கிறது. பில் போட்டதுமே விற்பனையும் பாக்கியும் சேர்ந்து ஏறும். வந்த 7,000-ஐ அந்த பில்லோடு இணைத்தால் 5,000 நிற்பது தெரியும். யார் பாக்கி 30 நாள் தாண்டியது, யாருடையது 90 நாள் தாண்டியது என்ற பட்டியலும் உடனே வந்துவிடும். என்னைக் கேட்டால் அந்த ஒரு பட்டியலுக்கே சந்தா கட்டலாம்.

அடுத்து, இரண்டு பேர் கை படுவது. என்னிடம் வந்த ஒருவரின் ஷீட்டில் யாரோ பெயர்களை அகர வரிசைப்படுத்தியிருந்தார்கள். பெயர் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியதால் பெயர்கள் நகர்ந்துவிட்டன, தொகைகள் நின்ற இடத்திலேயே நின்றன. பணம் கட்டி முடித்தவருக்குப் போன் போட்டுப் பாக்கி கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. எப்போது, யார் செய்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. படித்தவர்களுக்கும் இது நடக்கிறது. பொருளாதாரப் பேராசிரியர்கள் இருவர் நாடுகளின் கடன் பற்றி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரி எடுக்கும் ஃபார்முலாவில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. 2013-ல் ஒரு மாணவர் அந்த ஷீட்டைத் திறந்து பார்த்தபோதுதான் அது பிடிபட்டது. உங்களுக்கும் தம்பிக்கும் தனித்தனி லாகின் வைத்துக்கொள்ளுங்கள். எந்த என்ட்ரியை யார், எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு மென்பொருளில் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள்.

ஆனால் மென்பொருள் எல்லாத் தவறையும் பிடித்துவிடும் என்று நம்ப வேண்டாம். 5,400-ஐ 4,500 என்று அடித்தால் இரண்டு பக்கமும் 4,500 என்றே ஏறி, கணக்கு அழகாக டேலி ஆகும். பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடும்போதுதான் 900 இடிக்கும். (வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று தேடுங்கள், நேரம் மிச்சமாகும்.) அதேபோல, கடன் தவணை முழுவதையும் செலவில் எழுதாதீர்கள். வட்டி மட்டும்தான் செலவு, அசல் கடனைக் குறைக்கும். இதைத் தப்பாக வகைப்படுத்தினால் எந்த மென்பொருளும் லாபத்தைத் தப்பாகத்தான் காட்டும். மாதம் ஒரு நாள் உட்கார்ந்து ஸ்டேட்மென்ட்டை வரி வரியாக ஒப்பிடும் வேலை எதில் எழுதினாலும் உண்டு.

வாங்குவதற்கு முன் இலவச சோதனைக் காலத்தில் உங்கள் பில் பத்தை ஏற்றிப் பாருங்கள். அதில் ஒரு பகுதிப் பணமும், திரும்பி வந்த சரக்கு ஒன்றும் இருக்கட்டும். அப்புறம் எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லிலும் திறக்கும் சாதாரண அட்டவணைக் கோப்பு) வெளியே எடுங்கள். பேரேடு, அதாவது ஒவ்வொரு கணக்கிலும் ஏறிய என்ட்ரிகள், முழுசாக வரவில்லை என்றால், சந்தா எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். பின்னால் வேறு ஒன்றுக்கு மாற நினைத்தால் உங்கள் கணக்கு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மாறுவதை நிதியாண்டின் முதல் நாளில் வையுங்கள். மூன்று வருடப் பழைய கணக்கை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். அன்றைய பேங்க் இருப்பு, கைரொக்கம், வரவேண்டிய பாக்கி ஒவ்வொன்றும், கொடுக்கவேண்டியது, சரக்கு, மிஷின்களின் மதிப்பு, மிச்சக் கடன் எல்லாம் தொடக்க இருப்பாக ஏறினால் போதும். ஏற்றும் முன் பாக்கிப் பட்டியலை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பி, தொகை சரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் மாதம் ஷீட்டையும் கூடவே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனதும் பழைய கோப்பை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி, ஒரு பிரதியை ஆடிட்டரிடமும் கொடுத்துவிடுங்கள்.